கத்தியை வளைத்த கை

திரு நிறைக. நெடுவாகை நாட்டின் ஒன்பது கோட்டைகளிலும் கொடி உயர்ந்து நிற்க. மேல்மலை தொடங்கிக் கீழ்க்கடல் வரை மழை பருவம் அறிந்து இறங்குக.

வாகைக் கொடியும் வெண்சங்கும் உடையவரும், இருபெரும் போர்களைப் படை எழுமுன்னரே சொல்லால் நிறுத்தியவரும், எல்லையாற்றுப் பாசறையில் எழுந்தருளியிருப்பவருமாகிய பேரரசி ஆழிவல்லி நாச்சியார் தேவியாரின் திருமுன்னர், தலைநகர் வாகைமூதூரில் அரண்மனைச் சடங்குகளுக்கும் படைக்கலச் சாலைக்கும் அதிகாரியாய் அமர்ந்து தேவியாரின் உப்பைத் தின்று வளர்ந்த மருதூர் கிழான் சாத்தன் நக்கன், தலை தாழ்த்தி விடுக்கும் விண்ணப்பம்.

முதற்கண் நாட்டின் நலம் எழுதுவது மரபு. ஏரிகள் பாதிக்கு மேல் நிறைந்துள்ளன. கோட்டைக் காவல் முறை தவறாது நடக்கிறது. பாசறைக்கென்று தேவியார் கேட்டருளிய கம்பளங்கள் நேற்றே வண்டி ஏறின. அனைத்தும் நலம் என்று முடிக்க வேண்டிய இடம் இது. முப்பத்திரண்டு ஆண்டுகளாக அந்தச் சொல்லை யோசியாமல் எழுதி வந்த அடியேனுக்கு, இன்று எழுத்தாணி அவ்விடத்தில் நின்றுவிட்டது. ஆதலால் அச்சொல்லை விட்டுவிட்டுச் செய்திக்கு வருகிறேன்.

கடந்த திங்கட்கிழமை உச்சிவேளையில் தேவியாரின் ஆணையோலை வந்து சேர்ந்தது. குறும்பாறை நாட்டாருடன் வரும் மாசி முழுமதி நாளில் நடக்கவிருக்கும் உடன்படிக்கையின்போது, அந்நாட்டுக் குடித்தலைவர் நாற்பத்தெண்மருக்கும் ஆளுக்கோர் உருக்குக் கத்தி கையுறைப் பரிசாக வழங்க வேண்டும் என்பதும், அவற்றுள் முதலில் அனுப்பப்பட்ட பன்னிரண்டைத் தேவியார் தம் கையாலேயே கருங்கல் பலகையில் கிடத்திப் பார்த்தபோது ஒன்பதன் கீழே வெளிச்சம் தெரிந்தது என்பதும் அவ்வோலையில் கண்டேன். குறும்பாறையார் வழக்கம் யாவரும் அறிந்ததே. கையுறையாக வந்த கத்தியை அவை நடுவே ஒரு கல்லில் படுக்க வைத்துக் குனிந்து பார்ப்பார்கள். கத்திக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தாலும், கொடுத்தவர் மனத்தில் கோணல் இருக்கிறது என்று சொல்லி எழுந்து போய்விடுவார்கள். அவர்கள் எழுந்தபின் பேச ஒன்றும் இராது, படை நடத்துவதைத் தவிர.

கொல்லர் தலைவன் விடங்கனின் தமக்கை குறும்பாறையில் வாழ்க்கைப்பட்டவள். அவள் கணவன் வீட்டார் இவ்வுடன்படிக்கையை வேண்டாதவர்கள். ஆகவே கத்திகள் வளைந்தது அவன் வேண்டுமென்றே செய்த வஞ்சனை என்று கொண்டு, ஓலை கிடைத்த ஏழாம் நாள், அதாவது வரும் திங்கட்கிழமை கதிர் எழும் வேளையில், அவன் வலக்கையை மணிக்கட்டோடு கொய்க என்று தேவியார் ஆணையிட்டிருக்கிறீர்கள். அதை நிறைவேற்றும் பொறுப்பு அடியேன் தலையில் வைக்கப்பட்டுள்ளது.

இன்று வியாழன். குதிரை நிற்காமல் போனால் இவ்வோலை நாளை மாலை பாசறையை எட்டும். தேவியார் சனிக்கிழமை காலை மறுவோலை அருளினால் அது ஞாயிறு மாலை இங்கே வந்து சேரும். நடுவே ஆற்றில் வெள்ளம் வந்தாலோ, குதிரைக்குக் கால் நொண்டினாலோ, தேவியார் சனிக்கிழமை வேட்டைக்கு எழுந்தருளினாலோ, ஒரு பொழுது தவறிப்போகும். இந்தக் கணக்கை விரல்விட்டு எண்ணி எண்ணி இரண்டு நாளாக உறக்கமும் இல்லை, சோறும் இறங்கவில்லை. இதற்கு முன் எழுதிய மூன்று ஓலைகளைக் கிழித்தெறிந்தேன். அவற்றில் எல்லாம் பழியை அலகு தோய்க்கும் எண்ணெய்மேல் போட்டிருந்தேன், பிறகு கரிமேல், பிறகு உருக்குமேல். நான்காவது ஓலை இது. இதில் உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை, விடங்கனின் மனைவி சேந்தி அடியேனின் அலுவல் மண்டபத்துக்கு வந்தாள். கணவன் உலையில் துருத்தி ஊதுபவள் அவளே. அழுவாள் என்று எதிர்பார்த்து, ஆறுதலுக்கு நாலு சொல் ஆயத்தமாக வைத்திருந்தேன். அவள் அழவில்லை. அவள் சொன்னதை அவைமொழிக்கு மாற்றினால் அதன் சூடு ஆறிப்போகும் என்பதால், பொறுத்தருளுமாறு வேண்டி, அவள் வாயில் வந்தபடியே எழுதுகிறேன். "பன்னெண்டு வருசமா எம் புருசன் கத்தி அடிக்குறாரு. ஒண்ணு வளைஞ்சுதுன்னு ஊருல யாராச்சும் சொல்லட்டும். ரெண்டு மாசமாத்தான் வளையுது. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி எங்க பட்டறைக்கு புதுசா வந்தது என்ன? உங்க ஓலை ஒண்ணுதானே ஐயா."

அவளை வெளியே போகச் சொல்லிக் காவலனைப் பார்த்தேன். காவலன் என்னைப் பார்த்தான். அவள் போகவில்லை. வேறு வழியின்றி, அவள் குறிப்பிட்ட ஓலையின் படியை எடுத்து அவள் எதிரிலேயே வாசித்தேன்.

அந்த ஓலை தேவியாரின் முத்திரையோடு அடியேன் எழுதியது. தேவியார் அதைக் கண்டிருக்க மாட்டீர்கள். சடங்கு ஓலைகளுக்கு முத்திரையிடும் உரிமையை அடியேனிடமே விட்டிருக்கிறீர்கள். அதில் எழுதியிருந்தது இது: தேவியாரின் திருப்பெயர் பொறித்த கத்தி அலகு எதுவும் நுனி கீழாக எண்ணெயில் இறங்கலாகாது, நுனி தாழ்வது கொடி தாழ்வதற்கு ஒப்பு, ஆகவே திருப்பெயர் மேல்நோக்கி இருக்க, அலகு கிழக்கு மேற்காகப் படுத்த நிலையில், தேவியார் பள்ளிகொள்ளும் திருக்கோலம் போல் மெல்லத் தோய்க்கப்படுக. அன்றைக்கு இந்த வாசகத்தை எழுதி முடித்துவிட்டு இரண்டு முறை வாய்விட்டுப் படித்தேன். ஓசை நன்றாயிருக்கிறது என்று மகிழ்ந்தேன். அதே ஓலையில், நாற்பத்தெட்டும் காலத்தில் முடிய வேண்டும் என்பதற்காக, நாளொன்றுக்கு இத்தனை என்று கட்டளையும் சேர்த்திருந்தேன். கத்தி எப்படிப் பிறக்கிறது என்பதை அடியேன் வாழ்நாளில் ஒரு முறையும் கண்டதில்லை.

அன்று பிற்பகலே உலைக்களத்துக்குப் போனேன். விடங்கனைச் சிறையில் வைக்காமல், கணுக்காலில் சங்கிலியிட்டு உலைக்களத்திலேயே காவலில் வைத்திருந்தோம். அவன் நாற்பது வயதுக்காரன், அதிகம் பேசாதவன், கேட்டதற்கு மட்டும் மறுமொழி சொல்பவன். நீ ஏன் இதை முன்னரே சொல்லவில்லை என்று அதட்டிக் கேட்டேன். அவன் சொன்னது மூன்றே சொற்றொடர். "சொன்னேனுங்க. தை மாசம் உங்க மண்டபத்துக்கு வந்து சொன்னேனுங்க. நீங்க தலை நிமிரல."

தேவி, அது உண்மை. அவன் சொன்னபின் எனக்கு நினைவு வந்தது. உடன்படிக்கை அவையில் குறும்பாறையின் மூத்த தலைவர் வலப்புறம் அமர்வதா இடப்புறம் அமர்வதா என்று அன்று வரிசை எழுதிக்கொண்டிருந்தேன். யாரோ ஒருவன் வாசலில் நின்று, படுக்க வைத்துத் தோய்த்தால் அலகு சரியாக வராது என்று ஏதோ சொன்னான். கொல்லனுக்குச் சடங்கு என்ன தெரியும் என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டே இருந்தேன். வந்தவனின் முகத்தைக்கூட அன்று பார்க்கவில்லை. அரச முத்திரை இட்ட கட்டளையைத் தவறு என்று இரண்டாம் முறை சொல்வது இராசதுரோகம் ஆகும் என்று அஞ்சி, அதன்பின் அவன் வாய் திறக்கவில்லை. இதை எழுதும்போது வெட்கத்தால் உடல் கூசுகிறது.

வளைந்த கத்திகளை அவனாக அனுப்பவும் இல்லை. கோணலாக வந்தவற்றைத் தனியே எடுத்து வைத்திருந்தான். இறுகிப்போன அலகைச் சுத்தியால் அடித்து நிமிர்த்தப் போனால் அது முறிந்துவிடும் என்பதால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தானாம். நாள் கணக்குப்படி எடுத்துவரும்படி அடியேன் அனுப்பிய ஆட்கள் அவற்றையும் சேர்த்து அள்ளி வந்துவிட்டார்கள். வந்த பன்னிரண்டையும் அடியேன் மேற்பார்வை செய்தது உண்மை. திருப்பெயரில் எழுத்துப் பிழை உண்டா என்று பார்த்தேன். பட்டு உறையின் நிறம் பொருந்துகிறதா என்று பார்த்தேன். ஒன்றையேனும் கல்லில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

இனி அலகு ஏன் வளைகிறது என்பதை, விடங்கன் சொல்லி அடியேன் விளங்கிக்கொண்ட மட்டில் எழுதுகிறேன். அடித்து வடித்த அலகைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் அமிழ்த்தினால்தான் உருக்கு இறுகிக் கூர் நிற்கும். இதைக் கொல்லர் தோய்ச்சல் என்கிறார்கள். சிவந்த அலகு எண்ணெயைத் தொட்ட கணமே, தொட்ட பக்கம் குளிர்ந்து இறுகத் தொடங்கிவிடும். தொடாத பக்கம் இன்னும் கனன்று இளகியே இருக்கும். அலகைப் படுக்க வைத்து மெல்ல இறக்கினால் அடிப்பக்கம் முந்திக்கொள்ளும், மேற்பக்கம் பிந்தி வரும். இருபுறமும் இரு வேறு பொழுதில் இழுக்க, நடுவே அகப்பட்ட அலகு வளையாமல் என்ன செய்யும் என்றான் அவன். நுனியை நேர் கீழாகப் பிடித்து ஒரே மூச்சில் இறக்கினால் இரு பக்கமும் ஒருசேரக் குளிரும். இறக்கியபின் மேலும் கீழுமாக அசைக்கலாமே தவிரப் பக்கவாட்டில் துழாவலாகாது. எண்ணெயும் சில்லென்று இருக்கக் கூடாது. முன்கூட்டியே ஓர் இரும்புத் துண்டைக் காய்ச்சிப் போட்டு, விரல் வைத்தால் வெடுக்கென்று எடுக்கிற சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

இன்னொன்றும் சொன்னான். அதுவும் அடியேனைத்தான் சுட்டுகிறது. சுத்தியடி வாங்கிய உருக்கு அந்த அடியை உள்ளே வைத்துக்கொண்டிருக்குமாம். தோய்ச்சலுக்கு முன் அதை மூன்று முறை சிவக்கக் காய்ச்சி, ஒவ்வொரு முறையும் சாம்பலில் புதைத்துத் தானாக ஆறவிட்டால்தான் உள்ளே இருக்கிற முறுக்கு தளரும். ஒரு முறை ஆறுவதற்கே அரைநாள் போய்விடும். நாளொன்றுக்கு இத்தனை என்று அடியேன் கட்டளையிட்ட பிறகு, சாம்பலில் ஆறவிட அவனுக்குப் பொழுது ஏது? அதனால்தான் சில அலகுகள் வளைந்ததோடு நில்லாமல் முறுக்கியும் போயின.

இவ்வளவையும் கேட்டபின்னும், தேவி, அடியேன் உள்ளம் முழுதும் நம்பவில்லை. கையைக் காத்துக்கொள்ள ஒருவன் எதையும் சொல்வான். தேவியாரும் அப்படியே எண்ணுவீர்கள் என்று அஞ்சினேன். ஆகவே நேற்று, புதன்கிழமை காலை, கோட்டைக் காவலர் எழுவர் சாட்சியாக நிற்க, திங்கட்கிழமை முதலே சாம்பலில் முறையாக ஆறிவந்த இரண்டு அலகுகளை எடுத்தோம். இரண்டும் ஒரே உருக்குக் கட்டியில் வடித்தவை. விடங்கன் தோய்த்தால், ஒன்றை வேண்டுமென்றே வளைத்துவிட்டான் என்ற சொல் எழும். வேறு கொல்லன் தோய்த்தால், அவனுக்கு வேண்டியவன் என்ற சொல் எழும். உலையைப் பற்றி ஒன்றும் அறியாத, இதில் எந்தத் திறமும் இல்லாத, விடங்கனுக்கு இம்மியும் உதவியிராத ஒரு கை தேவைப்பட்டது. அப்படி ஒரு கை அங்கே ஒன்றுதான் இருந்தது.

ஆகவே அடியேனே குறடு பிடித்தேன். விடங்கனின் இரு கைகளையும் பின்னால் சேர்த்துக் காவலர் பிடித்துக்கொள்ள, அவன் தூரத்தில் நின்று வாயால் மட்டும் சொல்ல, சேந்தி துருத்தி ஊதினாள். அலகை நெருப்பில் ஒரே இடத்தில் வைக்காதீர்கள், முன்னும் பின்னும் நகர்த்துங்கள், முதுகுப் பக்கத்தை நெருப்புக்குக் காட்டுங்கள், மெல்லிய வாய்ப்பக்கம் முந்திக் கனன்றுவிடாமல் பாருங்கள் என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். காந்தக்கல்லை அருகே காட்டி, அலகு அதன்பால் இழுபடாதபோது சூடு போதும் என்று அறிந்தோம். அரியணை மண்டபத்தில் பொன்தட்டு ஏந்திப் பழகிய கை இது. குறட்டின் பாரத்தைத் தாங்க மறுகையையும் சேர்க்க வேண்டியிருந்தது.

முதல் அலகை, அடியேன் எழுதிய ஓலைப்படியே, திருப்பெயர் மேலாக, கிழக்கு மேற்காக, படுக்க வைத்து மெல்ல இறக்கினேன். எண்ணெய் பற்றிக்கொண்டு மேலெழுந்தது. என் இரு புருவங்களும் கருகின. சேந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரித்தாளோ என்று ஐயம், சிரித்திருந்தால் அது அவள் உரிமை. அலகு வெளியே வந்து ஆறியதும் கல்லில் கிடத்தினோம். அதன் நடுவே ஓர் அரிசி தடையின்றி நுழைந்து மறுபக்கம் வந்தது.

இரண்டாம் அலகை நுனி கீழாக இறக்கினேன். குறடு முன்னைவிட அதிகமாகத் தடுமாறிற்று என்பதற்கு எழுவரும் சாட்சி. தேவியாரின் திருப்பெயர் தலைகீழாக எண்ணெயில் மூழ்கக் கண்டபோது, இத்தனை ஆண்டுச் சடங்குகள் எல்லாம் நெஞ்சில் முட்டின. ஏதேனும் அபசகுனம் நிகழும் என்று வியர்த்துப் போனேன். ஒன்றும் நிகழவில்லை. விடங்கன் எண்ணச் சொன்னபடி எண்ணி, புகை அடங்குமுன் வெளியே எடுத்து, இரண்டு தட்டையான இரும்புப் பாளங்களுக்கு நடுவே வைத்து, ஆறும்வரை அழுத்திப் பிடித்தோம். பின் கல்லில் கிடத்தினோம். எழுவரும் ஒருவர்பின் ஒருவராய்க் குனிந்து பார்த்தார்கள். வெளிச்சம் இல்லை. அரிசியை விடுங்கள், ஒரு தலைமயிரும் நுழையவில்லை.

தேர்ந்த கொல்லன் படுக்க வைத்தாலும் வளைகிறது. ஒன்றும் அறியாத கிழவன் படுக்க வைத்தாலும் வளைகிறது. அதே கிழவன் நுனி கீழாக இறக்கினால் நேராக நிற்கிறது. ஆகவே தோய்த்த கையில் குற்றம் இல்லை, தோய்க்கச் சொன்ன கையில்தான் இருக்கிறது. விடங்கன் சங்கிலி இருந்த கணுக்காலை மற்றொரு காலால் தேய்த்துக்கொண்டு, அந்த இரண்டாம் அலகையே பார்த்துக்கொண்டிருந்தான். தோய்ச்சல் நன்றாக வந்திருக்கிறது என்று மட்டும் சொன்னான்.

இதன்பின் அடியேன் உத்தரவின்றிச் சில செய்துவிட்டேன். அவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். சடங்கு ஓலையை நேற்றே செல்லாதது ஆக்கினேன். நாள் கணக்கை நீக்கினேன். விடங்கனின் சங்கிலியைக் கழற்றச் செய்து, அவனை வேலையில் அமர்த்தினேன். காவல் மட்டும் இருக்கிறது. திருப்பெயரை அலகின் ஒரு பக்கம் மட்டும் ஆழப் பொறிப்பதால் அப்பக்கம் உருக்குக் குறைந்து இழுவை மாறுகிறது என்று அவன் சொன்னபடியால், மறுபக்கம் அதே ஆழத்தில் வாகைப்பூ பொறிக்க இசைந்தேன். அந்தப் பன்னிரண்டுக்குப் பின் வடித்து உலைக்களத்தில் வளைந்து கிடந்த அலகுகளை முழுதும் கழிக்க வேண்டியதில்லை என்றான். தோய்ச்சலுக்குப்பின் உருக்கின் வெடுவெடுப்புத் தணிய இளஞ்சூட்டில் வைப்பது அவர்கள் வழக்கம். அப்போது வளைந்த அலகை நேரான இரும்புப் பட்டையோடு கட்டி, வளைவுக்கு எதிர்ப்புறம் சிறு ஆப்புச் செருகி, வைக்கோல் நிறம் வரும்வரை காய்ச்சினால் மெல்ல நிமிர்ந்து வரும். இன்று காலை வரை ஐந்து அவ்வாறு நிமிர்ந்தன. இரண்டு முறிந்தன. முறிந்த ஓசை கேட்டதும் அடியேன் துண்டுகளைப் பொறுக்கக் குனிந்தேன். அவனோ அடுத்ததை எடுத்துக் கட்டத் தொடங்கிவிட்டான்.

முழுமதிக்கு இன்னும் பதினாறு நாள் உள்ளது. நாற்பத்தெட்டையும் அதற்குள் நேராக முடிக்க முடியும் என்கிறான் விடங்கன். முடியும் என்று அடியேனும் இப்போது நம்புகிறேன். ஆனால் அது அவன் வலக்கை அவன் உடம்பில் இருந்தால் மட்டுமே. ஆப்பின் கனத்தையும் அலகின் நிறத்தையும் அறிந்த கை இந்நகரில் வேறில்லை. இதைச் சொல்வதால், கத்திக்காகத்தான் அவன் கையைக் கேட்கிறேன் என்று தேவியார் எண்ணலாகாது. இனி ஒரு கத்தியும் தேவையில்லை என்றாலும் இதையே கேட்பேன். குற்றம் இல்லாத கை அது.

இவ்வோலையோடு இரண்டு அலகுகள் வருகின்றன. அடியேன் ஓலைப்படி தோய்த்ததில் சிவப்பு நூல் கட்டியுள்ளது. நுனி கீழாகத் தோய்த்ததில் வெள்ளை நூல் கட்டியுள்ளது. முன் பன்னிரண்டைக் கிடத்திப் பார்த்த அதே கருங்கல் பலகையில், தேவியார் தம் கையாலேயே இவ்விரண்டையும் கிடத்திப் பார்த்தருள வேண்டும். எழுவரின் சாட்சியோலையும் உடன் உள்ளது. தேவியார் நீதி தவறாதவர் என்பதை இந்நாடு அறியும். கொல்லன் தை மாதமே சொன்ன செய்தி திருமுன்னர் வந்து சேராததால் பிறந்த ஆணை அது. செய்தி தவறியது என்னால்.

இவ்வோலை ஏந்தி வருபவன் குதிரைவீரன் காரி. வழியிலுள்ள சாவடிக்காரர், துறைக்காரர், கோட்டைவாயிலார் அனைவரும் இதனால் அறியும் கட்டளை: இவனை எவரும் நிறுத்தலாகாது; மூட்டையைச் சோதிக்கலாகாது; குதிரை தளர்ந்தால் தம் குதிரையைக் கொடுக்க வேண்டும்; ஆறு பெருகியிருந்தால் ஓடத்தில் முதல் இடம் இவனுக்கே. மறுவோலை கொண்டு திரும்பும்போதும் அவ்வாறே. மீறுவோர் தேவியாரின் ஆணையை மீறியவர் ஆவர்.

அடியேன் கைவசம் இருந்த வாகை முத்திரையை இவ்வோலையில் இட்டபின், அம்முத்திரையையும் இதே கட்டில் வைத்துத் திருப்பி அனுப்புகிறேன். ஓசை நன்றாயிருக்கிறதா என்று பார்த்து ஆணை எழுதுகிறவனிடம் அது இருக்க வேண்டாம்.

ஒன்று மட்டும் எஞ்சியுள்ளது. அரச முத்திரை பெற்ற ஆணை நிறைவேறாமல் கிடந்தால் நாட்டில் எவரும் அதை மதியார். இதை இளையோருக்கு ஓயாமல் சொல்லி வந்தவன் அடியேன். ஆகவே ஞாயிறு மாலைக்குள் மறுவோலை வராது போனால், திங்கட்கிழமை கதிர் எழும் வேளையில் தேவியாரின் ஆணை நிறைவேற்றப்படும். கத்தியை வளைத்த வலக்கை மணிக்கட்டோடு கொய்யப்படும். அப்பொழுது விடங்கன் தன் உலையில் வேலையாக இருப்பான். அவனை அழைக்க வேண்டாம் என்று காவலரிடம் சொல்லிவிட்டேன். சேந்தியிடம் இதைச் சொல்லவில்லை.

மனம் அஞ்சாமல் இல்லை, தேவி. மிகவும் அஞ்சுகிறேன். குதிரை வாசலில் காலை மாற்றி மாற்றி வைக்கிறது; அந்த ஓசை கேட்கும்போதெல்லாம் எழுத்தாணி தடுமாறுகிறது. வரிகள் கோணலாக இருந்தால் பொறுத்தருள்க. மறுவோலை வராவிடில், இம்மண்டபத்திலிருந்து தேவியாருக்கு வரும் அடுத்த ஓலை வேறொருவர் கையெழுத்தில் இருக்கும்.

கொடி உயர்க. குடி வாழ்க. ஆழிவல்லி நாச்சியார் தேவியாரின் சொல் நேர் நிற்க.

வாகை முத்திரை இடப்பட்டது. வியாழன், கதிர் எழுந்து மூன்று நாழிகை.

இவை மருதூர் கிழான் சாத்தன் நக்கன், தன் வலக்கையால் எழுதிய எழுத்து.